ஹயருக்குப் பிடித்த கார்

நான் வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் அம்ஜத் இன்றைக்கு பஸ் ஓட்டிக்கொண்டிருப்பான்.

என் மகள் சபீனாவுக்கு ஏழு வயது. உடம்பில் இரத்தம் போதுமளவு ஊறாத வருத்தம். மாதம் ஒருதடவை மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்ற வேண்டும். என் புருஷன் பஹ்மி கட்டாரில் வேலை. பக்கத்து வீட்டு அம்ஜத்தான் தன் மாமாவின் பழைய காரில் காத்தான்குடியிலிருந்து எங்களைக் கொண்டுபோய்க் கொண்டுவருவான். ஒரு சதம் வாங்கமாட்டான். பெட்ரோலுக்கு நீட்டினால், "ராத்தா, நோய்க்காரப் பிள்ளைட காசில நான் திங்கவா?" என்று கூடப்பிறந்த அக்காவிடம் போல் சத்தம் போடுவான். மூன்று வருடம் இப்படி ஓடியது. இதற்கிடையில் பெரிய வாகன லைசன்ஸ் எடுத்து, பஸ் சாரதி வேலைக்கு நேர்முகமும் பாஸாகிவிட்டான். கடிதம் வரவேண்டியதுதான் பாக்கி.

பஹ்மிக்கு மட்டும் ஆட்டோவில் போகிறோம் என்று சொல்லியிருந்தேன். எதற்கு வீண் கதை? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

அந்த வியாழன் திரும்பி வரும்போது கல்லடியில் பொலிஸ் மறித்தது. பக்கத்தில் ஒரு பஸ்ஸையும் மறித்தார்கள். அதன் ஜன்னலோரத்தில் என் மதினி நபீஸா. பஹ்மியின் மூத்த சகோதரி. ஏறாவூரிலிருந்து எங்கள் வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தாள். கழுத்தை நீட்டி என்னையே பார்த்தாள்.

"இவர் உங்களுக்கு யார்?" என்று பொலிஸ்காரர் என்னிடம் கேட்டார்.

தம்பி போல என்று சொல்லியிருக்கலாம். அந்தப் 'போல'வை மதினி நம்புவாளா? பிள்ளையைச் சாட்டி அந்நிய ஆணோடு காரில் போகிறேன் என்று இரவுக்குள் கட்டாருக்குச் செய்தி போயிருக்கும். நான் அவளுக்குக் கேட்கும்படி உரத்துச் சொன்னேன்.

"ஒருத்தருமில்ல. ஹயருக்குப் பிடிச்ச கார்."

அம்ஜத் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி குனிந்துகொண்டான்.

"காசுக்கு ஆள் ஏத்தினா நீங்க தொழில் சாரதி," என்றார் பொலிஸ்காரர் அவனிடம். "அதுக்கு வேற அனுமதி வேணும். உங்களிட்ட இருக்கா?"

அவன் இல்லையென்று தலையாட்டினான். வழக்குப் பதிந்தார்கள்.

நீதிமன்றத்துக்கு நானும் போனேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன், அல்லாஹ் சாட்சி. துணைக்கு வாறன் என்று மதினியும் வந்து என் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். காசு வாங்கினீர்களா என்று நீதவான் கேட்டார். அம்ஜத் என் பக்கம் திரும்பவேயில்லை.

"ஓம், வாங்கினன்," என்றான்.

மூன்று வருடத்தில் அவன் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அது. நான் எழும்பவில்லை. கால் வரவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். வந்தது, நான்தான் எழும்பவில்லை.

தண்டம் விதித்து, ஆறு மாதம் லைசன்ஸை நிறுத்தினார்கள். குற்றப்பதிவு உள்ளவனுக்கு பஸ்ஸைக் கொடுக்க முடியாதென்று வேலை தரவிருந்தவர்கள் கைவிரித்துவிட்டார்கள். ஒருநாளும் கூலிக்கு ஓடாதவனைத் தொழில் சாரதி ஆக்கியது என் வாய். தொழில் சாரதியாக ஆசைப்பட்டவனை ஆகவிடாமல் செய்ததும் அதே வாய்தான்.

நேற்று பின்னேரம் அவனைப் பெற்ற உம்மா றபீக்கா மாமி வந்தார். மதினி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு எங்களோடேயே குந்தினாள். மாமி கோப்பையைத் தொடவில்லை.

"மகள், உண்மையச் சொல்லுங்க. அவன் உங்களிட்ட மாசாமாசம் எவ்வளவு வாங்கினான்?"

நான் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"மூணு வருசமா என்ட கையில அதில ஒரு சதம் தரல்ல. கேட்டா வாயத் திறக்கிறானில்ல." மாமி குரலைத் தாழ்த்தினார். "அந்தக் காச என்னதான் செஞ்சான்? போதைத் தூள் ஏதும் பாவிக்கிறானோ, மகள்?"

மதினி என் முகத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

"எனக்குத் தெரியாது மாமி," என்றேன்.