தகர நிழல்

ஹெட்போனில் அந்தக் குரல் மறுபடியும் கேட்டதும் நல்லசிவம் ஒலியைக் கூட்டினார். "லோடு ஏத்தியாச்சாலே? லாரி கெளம்பிருச்சா?" செல்போன் டவர் எட்டாத அச்சங்குளம் பக்கம் எவனோ அனுமதி இல்லாத நெடுந்தூர கார்ட்லெஸ் போனில் பேச, அது மதுரைக்கு இறங்கும் விமானங்களின் வயர்லெஸில் போய் விழுந்துகொண்டிருந்தது. ஆளைக் கண்டுபிடிக்க வயர்லெஸ் கண்காணிப்புத் துறையில் இருக்கும் நல்லசிவத்தை வேனோடு அனுப்பியிருந்தார்கள். நேற்றே கண்டுபிடித்தும் கொடுத்துவிட்டார். பட்டாசுத் தொழிலாளி மாரிக்கண்ணனைப் போலீஸ் கூட்டிப் போய்விட்டது. அப்படியானால் இப்போது பேசுவது யார்?

வேன் மேலிருக்கும் வளைய ஆன்டெனாவைத் திருப்பினால் குரல் அடங்கும் இடம்தான் திசை. வரைபடத்தில் ஒரு கோடு, வேறிடத்துக்குப் போய் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுமிடத்தில் ஆள் இருப்பான். ஊர் ஊராக அலைந்து அலுத்த உடம்பு, நேற்றைய வெயிலில் நிழலைக் கண்டதும் வேனை லாரி ஷெட்டின் தகரச் சுவரை ஒட்டி நிறுத்தச் சொன்னது. பக்கத்தில் தகரம் இருந்தால் அலை அதில் பட்டுத் திரும்பி இல்லாத திசையைக் காட்டும். அவருக்குத் தெரியாததா? ஆனால் கோடு போன வழியில், மாரிக்கண்ணன் வீட்டுக் கூரைக்கு மேல் டிவிக்காக நட்ட இரும்புக் குழாய் உயரமாக நின்றது. அதுதான் போனின் ஆன்டெனா, இன்னொரு கோடு எதற்கு என்று தோன்றிவிட்டது. பாழாய்ப்போன நிழல்!

இன்று வெட்டவெளியில் இரண்டு இடங்களில் நின்று பார்த்தார். கோடுகள் வெட்டியது ஒரு பெரிய பட்டாசுக் கம்பெனியின் காம்பவுண்டுக்குள்.

பெட்டிக்கடைக்கு ஓடி, ஒரு ரூபாய் போனில் ஸ்டேஷனைக் கூப்பிட்டார்.

"சார், நேத்துப் புடிச்சவன் அந்த ஆள் இல்ல. தப்பு என்னோடது. இப்பவும் பேச்சு கேக்குது."

"அவன் ஒத்துக்கிட்டானே சார்," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "கையெழுத்தும் போட்டுட்டான்."

நல்லசிவம் போனை வைத்தார். செய்யாததை ஒத்துக்கொள்ள ராத்திரி என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே உடம்பு கூசியது.

திரும்பி வந்தால் வேனருகே மாரிக்கண்ணன் மனைவி பாண்டிச்செல்வி நின்றிருந்தாள். பட்டாசு வேலையிலிருந்து அப்படியே வந்திருக்கிறாள். விரல்களில் வெள்ளி நிறத்தில் மருந்துப்பொடி.

"மிசினு வச்சுப் பாத்தது நீங்கதான சார்? எங்க வீட்ல டிவிய விட்டா ஒண்ணுமில்ல. இன்னொருக்கா நல்லாப் பாருங்க."

"பாத்துட்டேம்மா. நான்தான் தப்பாப் பாத்துட்டேன். ஏறுங்க, ஸ்டேஷனுக்குப் போவோம்."

"விட்டுருவாகளா சார்?"

அவர் வண்டியைக் கிளப்பினார். இருக்கையில் கிடந்த வரைபடத்தை எடுத்து அவள் மடியில் விரித்துக்கொண்டாள்.

"இதுல எங்க வீடு எங்கன இருக்கு?"

கியரிலிருந்து கையெடுத்து, நேற்றைய கோட்டின் மேல் ஓரிடத்தைக் காட்டினார். அவள் அந்தக் கோட்டைக் கட்டைவிரலால் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கத் தாள்தான் சாம்பல் பூத்தது, கோடு அழியவில்லை. ஸ்டேஷன் வரும்வரை அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.