மாராத்தாளில் மிச்சம்

எங்கள் மில் ஆபீசில் எட்டு கம்ப்யூட்டர் சர்வர்கள் இருந்தன. ஐந்தாவது என் மனைவி மாராத்தாள்.

மில்லில் இருக்கிற அத்தனை பேருக்கும் சம்பளம் போடுவது அவள் வேலை. அந்த அறைக்கு ஏசி பார்ப்பது என் வேலை. கூட்டினால், "குளுருதுங்க" என்பாள். குறைத்தால், "என்னைய வேக வெச்சுத் திங்கப் போறீங்களா?" என்பாள். இப்படியே நன்றாக இருந்தோம்.

பிறகு எட்டுப் பேரையும் ஒரே பெட்டிக்குள் குடிவைக்க முடிவு செய்தார்கள். வெளியே பார்த்தால் ஒரே பெட்டி. உள்ளே ஒவ்வொருவரும் தனி வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொள்வார்களாம். நான் நம்பவில்லை. நான் எதையும் நம்புகிறவன் இல்லை. பூட்டிய பூட்டைத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன்.

எவ்வளவு பெரிய பெட்டி வேண்டும் என்று அளக்க நவீனா என்ற பெண் வந்தாள். யாரும் தொந்தரவு செய்யாத நாளாகப் பார்த்து வந்தாள். அன்று ஆயுத பூஜை.

எட்டுப் பேருக்கும் நான் சந்தனம் குங்குமம் வைத்திருந்தேன். முன்னால் பொரி கடலை. நவீனா ஒவ்வொரு நெற்றியிலும் ஒரு கம்பியை வைத்துப் பார்த்தாள்.

"எல்லாரும் சும்மாதான் இருக்காங்க தாத்தா. சின்னப் பெட்டியே தாராளம்."

சின்னப் பெட்டி வந்தது. டிபன் கேரியரை விடக் கொஞ்சம் பெரிது.

குடிபோகும் நாளில் ஏழு பேர் உள்ளே போனார்கள். மாராத்தாள் முக்கால்வாசி போனாள். மிச்சம் வெளியே நின்றது.

"அன்னிக்கு அளந்தப்ப ஒண்ணுமே காட்டலையே!" என்றாள் நவீனா.

"பூசை அன்னிக்கு எவளாச்சும் வேலை செய்வாளா கண்ணு?" பெட்டிக்குள்ளிருந்து மாராத்தாள் கேட்டாள். "எட்டுப் பேரும் கும்புட்டுப்போட்டு அக்கடான்னு உக்காந்திருந்தோம்."

நவீனா தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கியது. பூஜையில் மீந்த பொரியில் கொஞ்சம் கொடுத்தேன். தின்றாள்.

இருவரும் மேனேஜரைப் பார்க்கப் போனோம். நடக்க நடக்க வராந்தா நீண்டது. பாதி வழியில் உட்கார்ந்து மீதிப் பொரியையும் தின்றோம்.

செலவைக் குறைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. மேனேஜர் தன்னையே ஸ்டேப்ளர் அளவுக்குக் குறைத்துக்கொண்டு மேசைமேல் நின்றார். இன்னொரு பெட்டி என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்றார்.

"வெளிய நிக்கிற மிச்சம் என்னது?"

"தாத்தாவைத் திட்டுறது சார்."

"சம்பளம் போட அது வேணுமா?"

"வேண்டாம் சார்."

"அப்ப சாயந்திரம் அழிச்சிருங்க."

கல்யாணமான மறுநாள் காலையில் ஆரம்பித்த திட்டு அது. செருப்பைத் தப்பான இடத்தில் விட்டதற்கு.

"என் தலைல வைங்க" என்றேன். "மூணாவதோட நின்னவன் நான். காலியாத்தான் கெடக்கும்."

நவீனா கம்பியை என் நெற்றியில் வைத்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"நிறைஞ்சிருக்கே தாத்தா."

"என்னத்த அம்மிணி இருக்குது?"

"மூஞ்சிங்க. எல்லாம் உங்களை ஏமாத்த வர்ற மாதிரியே இருக்கு."

அவர்களை எனக்குத் தெரியும். நான் நம்பாதவர்கள். சீட்டு இல்லை என்று சொல்லி அடுத்த ஆளை உட்காரவைத்த கண்டக்டர். தராசில் கட்டைவிரலை வைத்த கறிக்கடைக்காரர். சிரித்துச் சிரித்துப் பேசி என் குடையை வாங்கிப் போனவன். மறக்காமல் வைத்திருந்தேன். இன்னொரு முறை வந்தால் கண்டுபிடிக்க வேண்டாமா?

"இவங்க இறங்கினாத்தான் ஆத்தாவோட திட்டு ஏறும்" என்றாள் நவீனா.

நான் யோசிக்கவே இல்லை. "எறக்கு அம்மிணி."

இடது காது வழியாக ஒவ்வொருவராக இறங்கினார்கள். சிலர் "வர்றேனுங்க" என்று கும்பிட்டுப் போனார்கள். கடைசியாக இறங்கியவன் வாசலில் நின்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். யாரென்று தெரியவில்லை. நல்ல முகமாக இருந்தது.

காலியான இடத்தில் மாராத்தாளின் மிச்சத்தை ஏற்றினார்கள். தலை கொஞ்சம் சூடானது. வேறொன்றும் கேட்கவில்லை. நவீனா என் முகத்தையே பார்த்தாள்.

"ஏறலையா தாத்தா?"

"சத்தமே இல்லையே அம்மிணி."

நான் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வராந்தாவில் மழை பெய்துகொண்டிருந்தது. சற்று முன்னால் இறங்கிய அந்த நல்ல முகத்துக்காரன் சுவரோரம் ஒண்டி நின்றான். என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"பெரியவரே, மழ வலுக்குது. அந்தக் குடையக் குடுத்தீங்கன்னா நாளைக்குக் கொண்டாந்து குடுத்துர்றேன்."

"அதுக்கென்ன, கொண்டு போ சாமி" என்றேன். புதுக்குடை. விரித்தே கொடுத்தேன். சிரித்துக்கொண்டே போனான்.

அவன் தலை மறைந்ததும் காதுக்குப் பின்னால் ஒரு செருமல் கேட்டது.

"ஏனுங்க, மூள கீள இருக்குதா உங்களுக்கு? மறுக்காவும் அவங்கிட்டயே குடையத் தூக்கிக் குடுத்துப்போட்டு, ஈரத்துல நின்னுட்டு இளிக்கறதப் பாரு! சளி புடிச்சா ஆரு பாக்கறது?"

சட்டை முழுக்க நனைந்துவிட்டது. வராந்தா இன்னும் நீளமாகக் கிடந்தது. நல்லதாகப் போயிற்று. மெதுவாக நடந்தேன்.

"அப்புறம்?" என்றேன்.