மூடியின் மேல் ஒரு கை

நடு ஆற்றில் படகின் எஞ்சின் மறுபடியும் நின்றது. சுக்கானை விட்டு எழுந்த அவள், வெள்ளைத் துணி போர்த்திய கணவரின் உடலைச் சுற்றி நடந்து, பெட்ரோல் வடிகட்டியைக் கழற்றினாள். அக்கரையில் குழி வெட்டியாயிற்று. தூறல் வலுப்பதற்குள் போய்ச் சேர வேண்டும்.

வடிகட்டி சுத்தம். குழாயில் அடைப்பில்லை. சற்று ஆறவிட்டால் ஓடுகிறது. கொஞ்ச தூரம் போனதும் மூச்சு முட்டியதுபோல் இருமி நிற்கிறது. அவர் இருந்தவரை நிற்காத எஞ்சின்.

கணவரின் அண்ணன் சுக்கானை நோக்கிக் கை நீட்டினார். "பேசாம எங்கிட்ட குடும்மா. நாளையிலேருந்தும் நானே ஓட்டிக்கிறேன். பொம்பளை ஓட்டுறது எஞ்சினுக்கே பிடிக்கல பாரு."

இந்தப் பேச்சு புதிதன்று. மனைவி ஓட்டுகிறாள், கணவன் சீட்டுக் கிழிக்கிறான் என்று ஊரே சிரித்தது. "எனக்குத் தண்ணியப் பாத்தா தலை சுத்துது, உனக்கு வழி தெரியுது. அப்புறம் யாரு ஓட்டணும்?" என்று சுக்கானை அவள் கையில் கொடுத்தவர் அவர். சிரித்தவர்களையும் ஏற்றிக்கொண்டுதான் படகு போனது. அவரோ பெட்ரோல் தொட்டியருகே அமர்ந்து, மூடிமேல் கைவைத்தபடியே வருவார். புதையல் காக்கும் பூதம் என்று அவளே கேலி செய்திருக்கிறாள்.

அந்த மூடியைப் பார்த்தாள். விரல்கள் படும் இடத்தில் மட்டும் சாயம் தேய்ந்திருந்தது. நடுவே, காற்று புகும் சிறு துளையில் மெழுகு.

முதல் மழைக்காலத்தில், பெட்ரோலில் தண்ணீர் கலந்துவிட்டதென்று அவரைக் கடிந்துகொண்டாள். அதற்குப் பிறகுதான் மழை புகாதிருக்கத் துளையை அடைத்திருக்கிறார். காற்று புகாத தொட்டியிலிருந்து பெட்ரோல் எப்படி வரும்? எஞ்சின் ஒலி கம்மும்போதெல்லாம் மூடியைத் தளர்த்தி, மீண்டும் இறுக்கி, செய்த தவற்றையும் சொல்லாமல், செய்த காவலையும் சொல்லாமல் உடன் வந்திருக்கிறார்.

மூடியைத் திருகினாள். உஸ்ஸென்று தொட்டி மூச்சை இழுத்தது. கயிற்றை ஓர் இழுப்பு, எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"பொல்லாத மனுஷன்" என்றாள், எஞ்சின் சத்தத்துக்குள்.

தூறல் பெருத்தது. மெழுகை இப்போது எடுப்பதற்கில்லை.

"மாமா, இங்க வந்து உக்காருங்க. சத்தம் கம்மிச்சுன்னா இந்த மூடியக் கொஞ்சம் தளர்த்தி விடுங்க."

"நானா?"

"உங்க தம்பி உக்காந்த இடம்தான்."

அண்ணன் துணி மூடிய தம்பியைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டியருகே அமர்ந்தார். அவள் சுக்கானைப் பிடித்தாள். அக்கரை நெருங்கும்வரை, மழை சொட்டும் அவர் தலை எஞ்சின் பக்கமே சாய்ந்திருந்தது. சாயம் தேய்ந்த இடத்தில் கை இருந்தது.