ஆறு வோல்ட்

தெரியாது என்ற சொல் நவநீதன் வாயில் வராது. ஆம்பூரில் பல வருஷமாகக் கல்யாணப் படம் எடுக்கிறவர். எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பார், சரியோ தப்போ.

அன்று ஹயாத் பாஷாவின் மகளுக்கு நிக்காஹ். மண்டபத்தின் நடுவே திரை. ஆண்கள் பக்கம் நவநீதன். பெண்கள் பக்கம் ஆண்கள் போகக் கூடாது என்பதால் அங்கே ஹஃப்ஸா. ஷூ கம்பெனி வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக டிஜிட்டல் கேமரா வாங்கியிருந்தாள். தனியாக அவள் படமெடுக்கும் முதல் கல்யாணம் இது. இதில் பெயர் வாங்கினால்தான் அடுத்த வீட்டில் கூப்பிடுவார்கள்.

மாமியார் மணமகளுக்குத் தாலியாகக் கருகமணி கட்ட உட்காரும் நேரத்தில் ஹஃப்ஸாவின் ஃபிளாஷ் மக்கர் பண்ணியது. திரையோரம் வந்து வேறு ஃபிளாஷ் கேட்டாள். தன் கேமராவிலிருந்த புதியதைக் கழற்ற நவநீதனுக்கு மனம் வரவில்லை. ஃபிலிம் காலத்து ஃபிளாஷ் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். டிஜிட்டலில் இதைப் போடலாமா என்று அவள் தயங்கினாள்.

“நாலு பேட்டரி, ஆறு வோல்ட். அது இன்னா பண்ணிடப் போவுது? போடும்மா.”

பேட்டரிதான் ஆறு வோல்ட். அந்தப் பழைய ஃபிளாஷ் அதை உள்ளே பல மடங்காக ஏற்றி, கேமராவின் தலையில் இருநூறு வோல்ட்டுக்கு மேல் இறக்கிவிடும். ஒரு வெளிச்சம் வந்தது. அதோடு ஹஃப்ஸாவின் கேமரா செத்துப்போனது.

வேலை தெரியாதவளை நம்பிக் கூப்பிட்டோமே என்று மணமகளின் அம்மா அக்தரி பேகம் உள்ளே பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். ஹஃப்ஸா செத்த கேமராவோடு திரையோரம் வந்து நின்றாள். திரைக்கு இந்தப் பக்கம் நவநீதனுக்குக் காது சுட்டது. இந்த ஃபிளாஷைப் புதுக் கேமராவில் மாட்டாதே என்று வேலூர் ரிப்பேர்க்காரர் எப்போதோ சொன்னது இப்போதுதான் ஞாபகம் வந்தது. சொல்லிவிடலாம். ஆனால் பக்கத்திலேயே ஹயாத் பாஷா நின்றிருந்தார். இத்தனை வருஷப் பெயர் என்னாவது? கழுத்தில் நல்ல கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு அவர் சும்மா நின்றார்.

கடைசியில் அதைக் கழற்றித் திரை வழியாக நீட்டினார். “என் ஃபிளாஷ்னு உள்ள சொல்லிக்காதம்மா” என்றார் மெதுவாக.

“நான் சொல்லல அண்ணா. நீங்க சொல்லுவீங்கன்னுதான் இவ்ளோ நேரம் நின்னுட்டிருந்தேன்.”

கேமராவை வாங்கிக்கொண்டு அவள் உள்ளே போய்விட்டாள். நவநீதனுக்கு உடம்பெல்லாம் கூசியது. தப்பு தன்னுடையதுதான் என்று இரண்டு பக்கமும் கேட்கும்படி சொன்னார். ஆனால் அவர் கேமராவைக் கொடுப்பதற்குள்ளேயே கருகமணி கட்டி முடித்திருந்தார்கள்.