டிவியில் கடைசிப் பெயர்

எங்கள் ரந்தாவ் தோட்டத்தில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் அந்த டிவியை மாட்டிய நாளிலிருந்து எனக்கு எரிச்சல்தான். நான் இங்கே கணக்கு எழுதும் கிராணி. செம்பனைக் குலை வெட்டுகிறவர்களில் யார் முதல், யார் கடைசி என்று மாதம் முடிந்ததும் அது வரிசைப்படுத்திக் காட்டும். அடியில் நிற்பவருக்கு வேலையும் இல்லை, தோட்டம் கொடுத்த லயத்து வீடும் இல்லை. மேனேஜர் சசிதரனின் ஏற்பாடு இது.

ஆட்கள் பேய் மாதிரி வெட்டினார்கள். பழுக்காததையும் சேர்த்தே வெட்டினார்கள். காயாக வருகிறது என்று மில்லிலிருந்து திட்டு விழுந்தது. மேனேஜர் காதில் ஏறவில்லை. எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்ததே!

முதலிடம் எப்போதும் ஆரோனுக்கு. அவன் வாய்க்கொழுப்பு தோட்டமே அறிந்தது. போன மாதம் மயிரிழையில் தப்பியவர் தர்மராஜண்ணன். தோள்பட்டை போய்விட்டது, நீளக் கம்பு அரிவாளைத் தூக்கவே திணறினார். மகளுக்கு இந்த வருடம் எஸ்.பி.எம். பரீட்சை. வீடு போனால் எங்கே போவார்? பாவம், யாரும் அவர் முகத்தைப் பார்த்துப் பேசக்கூட இல்லை.

வெட்டிய குலையின் காம்பில் அவரவர் எண்ணைச் சிவப்புச் சாக்பீஸால் எழுதி ரோட்டோரம் அடுக்குவது வழக்கம். அதைப் பார்த்துத்தான் கணக்கு ஏறும். ஒரு மத்தியானம் நான் மோட்டார் சைக்கிளில் போனபோது ஆரோன் குந்தி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தான். அவன் வெட்டிய குலைக்குக் குலை தர்மராஜண்ணனின் எண்.

"டேய், என்னடா இது?"

"அக்கா, நீங்க ஒண்ணும் பாக்கல லா. அண்ணன்கிட்டயும் சொல்லிடாதீங்க, வெக்கப்படுவாரு."

இந்த வாயாடிக்குள்ளா இவ்வளவு பெரிய மனசு! ஸ்டார்ட் செய்யத் தோன்றாமல் மோட்டாரைத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

மாதம் முடிந்தது. டிவியில் தர்மராஜண்ணன் பெயர் மேலே ஏறியிருந்தது. கடைசிப் பெயர் ஆரோன்.

ஆரோன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு முன்னால் போனான்.

"பாஸ், ரூல் ரூல்தானே? வீட்டுச் சாவி இந்தாங்க."

விளையாட்டில்லை. கையில் சாவி இருந்தது. தோட்டத்தின் முதல் ஆளை அனுப்பவும் முடியாது. அவனுக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுத்தால் இனி யாரையும் அனுப்பவும் முடியாது. மேனேஜர் சாவியையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தானே போய் ஒயரைப் பிடுங்கினார்.

"இனிமே பழுத்தத மட்டும் வெட்டுங்க. போங்க."

எல்லோரும் கலைந்தார்கள். தர்மராஜண்ணன் நேராக ஆரோனிடம் வந்தார். அவன் சட்டைப் பையிலிருந்த சிவப்புச் சாக்பீஸை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.