பேர் வைக்காத சேம்பு

சாமார் தீவுக்காரிக்கு மூக்கு நுனியில் கோபம் என்று மணிலாவில் கேலி பேசுவார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை, உண்மைதானே. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை ஹினாங்காய் ஓடையில் கத்தித் தீர்க்க எனக்கு ஒரு ஆள்கூடக் கிடைக்கவில்லை. நாற்பது பேர் நின்றார்கள், ஒருத்தர்மேலும் குற்றமில்லை.

நான் எதெலின். கடல் தாண்டிய ஊரில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால், அபாக்கா வாழையில் நார் உரித்துப் பிழைக்கிற மனா பாசிங் என்னை அந்த ஓடைக்குக் கூட்டிப் போனாள். என்னைவிட மூத்தவள், அதனால் மனா.

"மேம், இது என்ன சேம்பு? பன்னிகூடத் திங்க மாட்டேங்குது" என்று ஒரு பாறையைக் காட்டினாள்.

வீடு பெரிசு இருக்கும் பாறை. மர நிழலில் எப்போதும் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. அதில் பதினோரு பெரிய செடிகள். இலை கைவிரல் போல ஐந்தாகப் பிளந்து, நடுவில் வெள்ளிக் கோடு. சுற்றிலும் நூற்றுக்கணக்கில் அதன் குட்டிகள். குட்டிகளின் இலை பிளக்காமல் வெற்றிலை மாதிரி இருக்கும், பெரியதோடு பார்த்தால் ஒட்டு உறவே தெரியாது. இதுவரை யாரும் எழுதி வைக்காத செடி என்று எனக்கு அன்றைக்கே தோன்றிவிட்டது. அப்புறம் தீவு முழுக்க அலைந்து பார்த்தேன். அந்தப் பாறையைத் தவிர வேறெங்கும் இல்லை.

ஓடைக்கு மேலே இருக்கிற குன்றில் கல் குவாரி வரப்போவதாகப் பேச்சு வந்தது. அனுமதி கொடுக்கிற ஆபீசுக்குப் போய்ச் சண்டை போட்டேன். "பேரே இல்லாத செடிக்காக எப்படி மேம் நிறுத்துறது? பட்டியல்ல பேரு இருந்தா காட்டுங்க" என்றான் அங்கே இருந்தவன். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல்.

பேர் வைக்க வேண்டுமென்றால் செடியை விவரித்து அச்சில் எழுத வேண்டும். அதற்குப் பூ வேண்டும். சேம்புக் குடும்பத்தில் இலையை நம்பி ஒன்றும் சொல்ல முடியாது. மடலைப் பிரித்து, உள்ளே கதிரில் பெண்பூ எங்கே, ஆண்பூ எங்கே, சூலில் எத்தனை அறை என்று லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் அது யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும். இந்தச் செடியோ வருஷத்துக்கு ஒரு பூ, விரிந்தால் ஒரே நாள். முதல் வருஷம் நான் போவதற்குள் அழுகிவிட்டது. அடுத்த வருஷம் புயல், படகே ஓடவில்லை.

இந்த ஜூலையில் எல்லாம் கூடி வந்தது. மேயருக்கு நான் போட்ட கடிதத்துக்குப் பதில் வந்தது. சனிக்கிழமை நேரில் வந்து பார்த்துவிட்டு, குவாரிக்குத் தடை போட்டுக் கையெழுத்துப் போடுகிறாராம். அதே வாரம் மனா பாசிங் செய்தி அனுப்பினாள்: "மொட்டு வந்துடுச்சு மேம். வெள்ளிக்கிழம விரிஞ்சிடும்." நான் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக ஒரு ஆட்டம் போட்டேன்.

ஊர்த் தலைவரான கேப்டன் மெனோவைப் போனில் கூப்பிட்டேன். "கேப்டன், மேயர் வர்றாரு. அவருக்குக் காட்டப்போறது அந்தச் செடியத்தான். நல்லாப் பாத்துக்குங்க."

"அந்தக் கவலையே வேணாம் மேம். ஹினாங்காய் மானத்தக் காப்பாத்திடுவோம்" என்றார் அவர்.

அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? நானும் இதே தீவில் பள்ளிக்கூடம் போனவள்தானே. கவர்னர் வருகிறார் என்று வகுப்பையே நிறுத்தி, சாலையோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்த கை இது. பூ கிடைக்கிற குஷியில் மூளை வேலை செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, பூவை ஊறப்போடச் சாராயப் புட்டிகளும் லென்ஸும் பையில் குலுங்க, வாடகை மோட்டார் சைக்கிளில் போய் இறங்கினேன். ஊர் எல்லையிலிருந்து ஓடை வரைக்கும் இரண்டு பக்கமும் வெள்ளைக் கற்கள். தென்னை மரங்களுக்கு இடுப்பு வரை வெள்ளை. ஓடைக்கு இறங்குகிற இடத்தில் ஒரு பெரிய ஃபிளெக்ஸ் பேனர். முக்கால் பேனருக்கு மேயர் சிரிக்கிறார், கீழ் மூலையில் கேப்டன், அவர் காதுக்குப் பக்கத்தில் தபால்தலை அளவுக்கு என் செடி. கீழே ஓடினேன்.

ஓடையில் வானம் தெரிந்தது. நான் போன இத்தனை தடவையில் அங்கே வானத்தைப் பார்த்ததே இல்லை.

"எப்படி இருக்கு மேம்?" கேப்டன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். "முன்னாடி ஒரே இருட்டு. இப்பப் பாருங்க, ஃபோட்டோ புடிக்க எவ்வளவு வெளிச்சம். வெட்டுன மரத்துலயே மேடையும் போட்டாச்சு. நாப்பது பேரு, மூணு நாளு, ஒருத்தன் கூலி கேக்கல."

பாறையைப் பாசி போகத் தேய்த்துச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். வெயிலில் கண் கூசியது.

"செடி?" என்றேன்.

"பத்திரமா எடுத்து வெச்சிருக்கோம்." மேடையின் முன்னால் பதினோரு பெயிண்ட் டப்பாக்கள், வரிசையாக, சிவப்பு ரிப்பன் கட்டி. ஒவ்வொன்றிலும் ஒரு செடி, இலையெல்லாம் தொங்கிப்போய்.

"பாறையில குட்டி குட்டி இலையா இருந்துச்சே, கேப்டன்?"

"அந்தக் களைதானே? என் பொண்டாட்டியும் மத்த பொம்பளைங்களும் ஒண்ணு விடாம வேரோட புடுங்கிட்டாங்க. ரெண்டு நாள் வேலை. இந்தாம்மா, கையக் காட்டு."

அவர் மனைவி வெட்கத்தோடு கையை நீட்டினாள். சுண்ணாம்பு தின்று விரலெல்லாம் வெந்து, துணி சுற்றியிருந்தது. நான் வாயைத் திறந்தேன், அந்தக் கையைப் பார்த்தேன், மூடிக்கொண்டேன். என்னவென்று சொல்வது? நீங்கள் பிடுங்கியது களையில்லை, அதன் பிள்ளைகள் என்றா?

"பூ?" என்றேன் கடைசியாக.

"ஐயோ, அத ஏன் கேக்குறீங்க. நேத்தே விரிஞ்சிடுச்சு. நாத்தம்னா நாத்தம், செத்த எலி தோத்துடும். மேயரும் மேயரம்மாவும் சாப்பிடுற நேரத்துல அந்த வாடை வந்தா ஊரு பேரு என்னாவறது? நறுக்கி ஓடையில விட்டுட்டோம். ஆனா பூ இல்லாம வெறும் இலையக் காட்ட முடியுமா? அதுக்கும் வழி பண்ணிட்டேன்." நடு டப்பாவைக் காட்டினார். தண்டில் கம்பி சுற்றி ஒரு சிவப்பு ஆந்தூரியப் பூ கட்டியிருந்தது. பிளாஸ்டிக். "அதுவும் சேம்பு ஜாதிதான்னு நீங்கதானே மேம் சொன்னீங்க?"

சொன்னேன்தான். ஊர்க்கூட்டத்தில் மைக் பிடித்துச் சொன்னேன்.

முழங்கால் தண்ணீரில் இறங்கி, ஓடையோடு போய் ஒவ்வொரு கல் இடுக்காகத் துழாவினேன். கேப்டன் கரையிலேயே கூட வந்தார். "என்ன மேம், செருப்பு போயிடுச்சா? டேய், எல்லாரும் எறங்குங்கடா, மேம் செருப்பத் தேடுங்க." பத்துப் பேர் போட்டிருந்த துணியைப் பார்க்காமல் தண்ணீரில் குதித்து, என் காலில் இருந்த செருப்பைத் தேடினார்கள். நான் தடுக்கவில்லை.

மனா பாசிங் அப்போதுதான் மேலேயிருந்து ஓடி வந்தாள். விருந்துச் சமையலுக்கு மூன்று நாளாக அவளைப் பிடித்துப் போட்டிருந்தார்கள். பாறையைப் பார்த்ததும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "நான் இங்க இல்லாம போயிட்டேனே மேம்."

"உன் தப்பில்ல, மனா."

"அப்ப யார் தப்பு?" என்றாள். நான் மறுபடி ஒரு கல் இடுக்கில் கையை விட்டேன். கடிதம் போட்டது யார்?

சனிக்கிழமை மேயர் இரண்டு மணி நேரம் லேட்டாக வந்தார். மாலை போட்டார்கள், பள்ளிப் பிள்ளைகள் ஆடினார்கள், சுட்ட பன்றி தோல் மொறுமொறுவென்று மேடைக்குப் போனது. எல்லாம் முடிந்து அவர் நடு டப்பாவின் முன்னால் குனிந்து முகர்ந்தார்.

"வாசனையே இல்லையே, மேம்?"

மைக்கை என் கையில் கொடுத்தார்கள். நாற்பது பேருக்கும் அது பிளாஸ்டிக் என்று தெரியும். நாற்பது பேரும் என் வாயையே பார்த்தார்கள். கேப்டன் முகத்தில் ஈயாடவில்லை. மேயருக்கு முன்னால் அவர் மானம் போனால் அந்த ஊரில் அவர் தலை நிமிர முடியாது, தடை உத்தரவில் கையெழுத்தும் விழாது. பாறையில் ஒரு வேர்த்துண்டாவது மிச்சமிருந்து முளைக்காதா என்ற நப்பாசைக்கு எனக்கு அந்தக் கையெழுத்து வேண்டியிருந்தது.

"இந்தச் செடியோட பூவுக்கு வாசனை கிடையாது, மேயர்" என்றேன். "சிவப்பா, பளபளன்னு இருக்கும். ரொம்ப நாள் வாடாது."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. உலகத்திலேயே முதல்முறையாக அந்தப் பூவை ஒருத்தர் விவரித்துச் சொன்னது அன்றைக்குத்தான். சொன்னது நான். மேயர் கையெழுத்துப் போட்டார். பாறையையும் ஓடையையும் இனி யாரும் தொடக்கூடாது.

அப்புறம் நினைவுப் பரிசு. மேடையில் பதினோரு பேர், டப்பாவும் பதினொன்று. கேப்டன் கணக்குப் பார்த்தே செய்திருந்தார். மேயருக்கு ஒன்று, மேயரம்மாவுக்கு ஒன்று, கவுன்சிலர்கள், பாதிரியார். கடைசி டப்பா, நன்றிப் பத்திரத்தோடு, எனக்கு. மேயரம்மாவின் கார் வரைக்கும் ஓடிப்போய்க் கெஞ்சினேன். "இது எங்க வீட்டு வாசலுக்கு மேம், அவங்க அன்பாக் குடுத்தது" என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். வாசலில் வெயில் எப்படிக் காயும் என்று எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு வாரக்கணக்கில் போன் போட்டேன். பன்றிகூடத் தொடாததில் ஒன்றை ஆடு தின்றது. ஒன்று பால்கனியில் கருகியது. பாதிரியார் தினமும் மூன்று வேளை தண்ணீர் ஊற்றி அழுகவிட்டிருந்தார், பாவம்.

என்னுடையதைக் குளியலறை ஜன்னலில் வைத்து, குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தேன். சுண்ணாம்பு வேருக்குள் போயிருந்தது. செப்டம்பரில் இரண்டு இலை, அக்டோபரில் ஒன்று, பிறகு கிழங்கு கைபட்டதும் கூழாகிவிட்டது. இலை, காம்பு, வேர் எல்லாம் அளந்து நான்கு பக்கம் எழுதிவிட்டேன். பூ என்ற இடத்தில் 'பார்க்கவில்லை' என்று எழுதி மணிலாவில் இருக்கிற தாவர ஆய்விதழுக்கு அனுப்பினேன். "இத யாரு அச்சடிப்பா, எதெல்?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஓடைக்கு இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். பாறை காய்ந்து கிடந்தது, வெடிப்பில்கூட ஒன்றும் முளைக்கவில்லை.

நவம்பரில் கேப்டன் கூப்பிட்டார். "மேம், அந்தச் செடியப் பாக்க அடுத்த மாசம் பக்கத்துத் தீவு லெய்ட்டேலேருந்து ஒரு கூட்டம் வருதாம். பாறை வெறுமையா கெடக்கு. மேடையில குடுத்ததெல்லாம் போயிடுச்சுன்னு கேள்விப்பட்டேன். பெரியவங்க வீட்டுல யாரு பாத்துக்கறது, விடுங்க. உங்ககிட்ட இருக்கறது நல்லா இருக்குமில்ல? படிச்சவங்களாச்சே. அதத் திரும்ப நட்டுடலாம்னு ஊரே சொல்லுது."

"அது செத்துப்போச்சு, கேப்டன்."

அவர் பின்னால் யாரோ, "என்னவாம்?" என்று கேட்டது காதில் விழுந்தது.

"எங்க அப்பாரு காலத்துலேருந்து அது அந்தப் பாறையில நல்லாத்தான் இருந்துச்சு, மேம்" என்றார். கோபமே இல்லை, மனசு விட்டுப்போன குரல். "உங்க கையில நாலு மாசம்கூடத் தாங்கலியா?"

"மன்னிச்சிடுங்க, கேப்டன்" என்றேன்.