பிளக்கில் படிந்த சிவப்பு

அந்தத் தெருவில் கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் அவள் ஸ்பேனரக்கா. அவளும் தம்பியும் சேர்ந்து நடத்தும் பட்டறையில் என்ஜின் அவள் பொறுப்பு, ஒயரிங் தம்பி பொறுப்பு. வண்டி வாசலில் திரும்பும்போதே சத்தத்தை வைத்துப் பாதிக் கோளாறைச் சொல்லிவிடுவாள். ஆனால் சொந்த வண்டியின் பானெட்டைத் திறந்து பார்த்துத்தான் நாளாகியிருந்தது. அது கணவரோடு காலையில் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்துக்குப் போய் மாலையில் வீடு திரும்பும். ஓடுகிற வண்டிதானே, ஓடட்டும் என்று விட்டிருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, வேலைக்குக் கிளம்பிய கணவர் பாதி வழியில் திரும்பி வந்து வண்டியைப் பட்டறை வாசலில் நிறுத்தினார். சட்டைக் காலர் வேர்வையில் கழுத்தோடு ஒட்டியிருந்தது.

“மேம்பாலம் ஏற மாட்டேங்குது. ஆக்ஸிலேட்டரை மிதிச்சா வண்டியே உதறுது. மஞ்ச லைட் வேற மினுக்குது.”

“எத்தனை நாளா?”

“ரெண்டு மூணு நாளா லேசா இருந்துச்சு. இன்னிக்குத்தான் இப்படி.”

“பெட்ரோல் எங்க போட்டீங்க?”

“எப்பவும் போடுற எடத்துலதான்.”

“வேற ஏதாவது பண்ணினீங்களா?”

“நான் என்ன பண்ணப்போறேன்? ஓட்டுறேன், நிறுத்துறேன்.” சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்துவிட்டார்.

நின்ற இடத்தில் என்ஜின் பூனை மாதிரி ஓடியது. தெருவில் எடுத்துப்போய் மூன்றாவது கியரில் ஓங்கி மிதித்தபோதுதான் விக்கல் எடுத்ததுபோல உதறியது. திரும்பி வந்ததும் தம்பி ஸ்கேனரைச் சொருகிப் பார்த்தான்.

“நாலு சிலிண்டரும் சரியா எரியாம மிஸ் அடிக்குதுங்குது அக்கா. ஒண்ணுன்னா பொறி குடுக்கற காயில் போச்சுன்னு சொல்லலாம். நாலுமா ஒரே நேரத்துல சண்டித்தனம் பண்ணும்?”

நாலும் சேர்ந்து மக்கர் செய்தால் நாலுக்கும் பொதுவான ஏதோ ஒன்றில்தான் கோளாறு. காற்று வடிகட்டியைக் கழற்றினாள், சுத்தமாக இருந்தது. ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக விரலால் வருடினாள், எங்கும் விரிசல் இல்லை. பெட்ரோல் அழுத்தத்தை அளந்தாள், அதுவும் சரி. கடைசியில் முதல் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். நல்ல பிளக்கின் முனை வெளிறிய காப்பி நிறத்தில் இருக்கும், எரியாத பெட்ரோல் படிந்தால் கருப்பாகும். இதுவோ செங்கல்லைப் பொடித்துத் தடவியதுபோல் சிவந்திருந்தது. மற்ற மூன்றும் அப்படியே.

தம்பி எட்டிப் பார்த்தான். “என்னக்கா, லிப்ஸ்டிக் போட்டுகிட்டு வந்த மாதிரி இருக்கு?”

அவள் சிரிக்கவில்லை. அந்தச் சிவப்பை வேறு வண்டிகளில் பார்த்திருக்கிறாள். பெட்ரோலில் கலக்கச் சொல்லி டப்பாவில் விற்கும் சில மருந்துகளில் உலோகம் இருக்கும். அது எரிந்து பிளக்கின் பீங்கானில் சிவப்பாகப் படியும். என்ஜினுக்குச் சுமை ஏறும்போது பொறி, முனையில் பாயாமல் அந்தப் பூச்சின் வழியே ஒழுகிப்போகும். அதனால்தான் மேடு ஏறவில்லை.

“உங்க மாமா டாங்கில என்னத்தையோ ஊத்தியிருக்காரு,” என்றாள்.

“மாமாவா? அவருக்கு டாங்க் மூடி எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாதேக்கா.”

“ஒரு தடவை ஊத்தினா இவ்வளவு படியாது. மாசக்கணக்கா ஊத்தியிருக்காரு.”

காருக்குள் உட்கார்ந்து தேடினாள். முன்பக்கம் பயணி உட்காரும் சீட்டில் அவள் அமர்ந்தபோது கால் எங்கோ வெறும் இடத்தில் நீண்டது. தன்னைவிட நெட்டையான ஒருத்திக்காகச் சீட்டு பின்னால் தள்ளப்பட்டிருந்தது. அதன் அடியில் கைவிட்டதும் இரண்டு காலி டப்பாக்கள் உருண்டு வந்தன.

அந்தச் சீட்டில் யார் உட்கார்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். பரிசோதனைக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பெண், நுண்ணோக்கியில் தண்ணீர் பார்ப்பவள். அவள் வீடு கணவர் வேலைக்குப் போகிற வழியில்தான். ‘காலையில ஏத்திக்கட்டுமா’ என்று கணவர் கேட்டபோது, ‘தாராளமா’ என்று சொன்னவளே இவள்தான். அப்போதிருந்து வீட்டில் அந்தப் பெண்ணுக்கு மைக்ராஸ்கோப் என்று பெயர். அந்தப் பெண் காரில் ஏறிப் போவதில் இவளுக்கு ஒரு சங்கடமும் இருந்ததில்லை. இன்று அந்தக் காலி டப்பாவைக் கையில் வைத்திருந்தபோதுதான் வயிறு எரிந்தது.

மாலையில் கணவர் கூடத்தில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். மடித்த துணிகளின் மேல் ஒரு செய்தித்தாளை விரித்து, நாலு பிளக்குகளையும் வரிசையாக வைத்தாள். பக்கத்தில் டப்பாக்கள்.

அவர் மடிப்பதை நிறுத்தினார். “நீயே கண்டுபிடிச்சிடுவேன்னு தெரியும்.”

“லேப்ல சொட்டுச் சொட்டா அளந்து ஊத்துற ஆளு. இதை எந்த அளவுல ஊத்தினீங்க?”

“முழு டாங்குக்கு ஒரு டப்பான்னு போட்டிருக்கு. கால் டாங்க்தான் இருந்துச்சு. பேச்சு சுவாரசியத்துல கவனிக்கல.”

பேச்சு சுவாரசியம். வீட்டில் அவர் ஒரு நாளில் பேசுவதை ஒரு கையில் அள்ளிவிடலாம்.

“யாரு குடுத்தா?”

“அவங்கதான். மொதல் டப்பா அவங்க குடுத்தாங்க. அப்புறம் நானே வாங்கிக்கிட்டேன். என்ஜின் டொக்குடொக்குன்னு தட்டுச்சு. அவங்க அண்ணன் வண்டிக்கு இதைத்தான் ஊத்துவாராம்.”

“கட்டினவ மெக்கானிக்னு அவளுக்குத் தெரியுமா?”

“தெரியும். அதான், ‘அவங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும், பாவம், தொந்தரவு பண்ணாதீங்க’ன்னு சொன்னாங்க.”

அந்தப் ‘பாவம்’ அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. “எனக்குப் பாவம் பாக்க இவ யாரு? வண்டி தட்டுதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வாய் வரல, ஊரார்கிட்ட சொல்ல வந்துதா?”

“ஒங்கிட்டதான் மொதல்ல சொன்னேன்.” அவர் குரலை உயர்த்தவில்லை. “நீ ஒரு வேனுக்கு அடியில படுத்திருந்த. ஞாயித்துக்கெழம பாக்கறேன்ன. அடுத்த வாரமும் சொன்னேன். அப்பவும் ஞாயித்துக்கெழமன்ன. அப்புறம் சொல்றதை விட்டுட்டேன்.”

அவளுக்கு அது நினைவில் இல்லை. நினைவில் இல்லை என்பதே அவர் சொல்வது உண்மை என்பதற்கு அடையாளம் என்று தோன்ற, கோபம் இன்னும் கூடியது. பிளக்குகளை அள்ளிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் வந்த வண்டிகளையெல்லாம் தம்பியிடம் தள்ளிவிட்டுச் சொந்த வண்டியை லிஃப்டில் ஏற்றி உயர்த்தினாள். டாங்கில் கிடந்த பெட்ரோலை வடித்து, புதிதாக நிரப்பி, நாலு பிளக்குகளையும் மாற்றினாள். கை வேலை செய்ய, மனம் காருக்குள் உட்கார்ந்து அவர்கள் இரண்டு பேரும் பேசுவதை ஒட்டுக்கேட்டது. என்னதான் பேசுவார்கள்? அவருக்கு ஒரு தண்ணீர், அவளுக்கு ஒரு தண்ணீர், அதில் நெளியும் கிருமி. இதில் சுவாரசியம் எங்கிருந்து வருகிறது?

என்ஜினை ஓடவிட்டுக் கீழே போய் நின்று காதைக் கொடுத்தாள். டொக்குடொக்கு கேட்டது. இவ்வளவு மருந்து குடித்தும் அது போகவில்லை. சூடு மேலே ஏறாமலிருக்க சைலன்சர் குழாய்க்கு மேல் ஒரு தகடு இருக்கும். அதன் போல்ட் ஒன்று தளர்ந்து, தகடு குழாயில் இடித்துக்கொண்டிருந்தது. என்ஜினுக்கு ஒரு நோயும் இருந்ததில்லை. ஸ்பேனரை வைத்து இறுக்கினாள். சத்தம் நின்றுவிட்டது.

அவர் முதல்முறை சொன்ன அன்றே அவள் எழுந்து வந்திருந்தால், வேனுக்குப் போட்ட கிரீஸ் கையில் காய்வதற்குள் வேலை முடிந்திருக்கும்.

“ஸ்பேனரக்கான்னு... நீங்கதானே?”

திரும்பினாள். பட்டறை வாசலில் நெட்டையாக ஒரு பெண், குடையை மடக்கிக்கொண்டு. மைக்ராஸ்கோப். அழகி என்றோ, அழகில்லாதவள் என்றோ சொல்லி ஆறுதல் பட முடியாத முகம். நகங்கள் மட்டும் கண்ணை உறுத்தும் அளவுக்குச் சுத்தமாக இருந்தன. ஸ்பேனரக்கா தன் கைகளைக் கந்தைத் துணியால் துடைத்தாள், துடைத்ததும் மேலும் அப்பிக்கொண்டது.

“நான் குடுத்ததாலதான் வண்டி கெட்டுப்போச்சுன்னு சார் சொன்னாரு. மன்னிப்புக் கேக்கலாம்னு வந்தேன். பிளக்கு செவந்துபோச்சாமே, அதைப் பாக்கலாமா?”

எரிச்சலோடுதான் எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் பிளக்கை ஏதோ நகையைப் போல இரண்டு விரலால் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இந்தச் செவப்பு எப்படிங்க வந்துச்சு? அப்ப நின்னுகிட்டு இருக்கும்போது ஏன் நல்லா ஓடுது?”

ஸ்பேனரக்கா சொன்னாள். அந்தப் பெண் நடுவில் குறுக்கிடவில்லை. முடித்ததும் சரியான இடத்தில் இன்னொரு கேள்வி கேட்டாள். ஸ்பேனரக்கா கரித்துண்டை எடுத்துத் தரையில் பிளக்கின் படத்தையே போட்டுவிட்டாள். பொறி எங்கே பாய வேண்டும், எங்கே ஒழுகுகிறது, டப்பா வாங்கும்போது எதைப் பார்த்து வாங்க வேண்டும் எல்லாம் சொன்னாள். தம்பிக்கே இப்படி உட்கார வைத்துச் சொன்னதில்லை. தொழிலைப் பற்றி ஒருவர் இவ்வளவு ஆசையாகக் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. சொல்லச் சொல்ல இனித்தது.

பாதியில் கரித்துண்டு நின்றது. இதுதான் அந்தப் பேச்சு சுவாரசியம் என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்ததில் பொறாமை தணியவில்லை, வலுத்தது. கள்ளத்தனம் ஏதாவது இருந்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். இந்தப் பெண் கேட்கத் தெரிந்தவள். இதற்கு என்ன செய்வது?

அவள் முகம் மாறியதை அந்தப் பெண் கவனித்திருக்க வேண்டும். பிளக்கைப் பதமாக மேஜைமேல் வைத்தாள். “இனிமே நான் பஸ்லயே போய்க்கறேங்க. சாருக்கும் எதுக்குச் சிரமம்.”

‘ஐயோ, அதெல்லாம் வேண்டாம்’ என்று சொல்ல வேண்டிய இடம் அது. வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. ஸ்பேனரக்கா அதை விழுங்கிவிட்டு, “மழை வருது, பாத்துப் போங்க,” என்றாள்.

அந்த வாரம் முழுக்க மழை. வண்டி தயாரான பிறகும் கணவர் தனியாகப் போனார், தனியாக வந்தார். ஏன் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றுதான் இருந்தது. அதை அவள் தனக்கே மறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளாகவே, “வாங்க, வண்டிய ஒரு தடவை ஏத்திப் பாத்துட்டு வரலாம்,” என்றாள். சீட்டைத் தன் காலுக்கு ஏற்றபடி முன்னால் இழுத்துக்கொண்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு, காதை வெளியே நீட்டி உட்கார்ந்தாள். மேம்பாலத்தில் வண்டி வழுக்கிக்கொண்டு ஏறியது. உதறல் இல்லை, தட்டலும் இல்லை.

“என்னதான் இருந்துச்சு அதுல?” என்றார் அவர்.

“ஒரு போல்ட் லூஸு.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

அவர் சிரிக்கவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. இறக்கத்தில் வேகத்தைக் குறைத்தபோது மட்டும் சொன்னார். “அவங்க ரெண்டு பஸ் மாறி வர்றாங்க. நேத்து நனைஞ்சு வந்து நாள் பூரா தும்மிக்கிட்டு இருந்தாங்க.”

“பஸ்ல போறேன்னு அவளாத்தான் சொன்னா. நான் வேணாம்னு தடுக்கல.” அவள் ரோட்டைப் பார்த்தபடி சொன்னாள். “தடுத்திருக்கணும். மனசு வரல.”

“அவங்க மேல சந்தேகமா?”

“சந்தேகம் இல்ல, பொறாமை. நீங்க அவகிட்ட பேசுறீங்க. எங்கிட்ட பேசுறதில்ல.”

“நீ எப்பவும் எதுக்காவது அடியில படுத்திருக்க. உன் காலைப் பாத்துத்தான் நான் பேசணும்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வண்டி பாலத்தின் மறுபக்கம் இறங்கி, கடைகளெல்லாம் அடைத்திருந்த தெருவுக்குள் நுழைந்தது.

“நாளைக்கு அவளை ஏத்திக்குங்க,” என்றாள் கடைசியில். “நனைய வேணாம். ஆனா வண்டில என்ன சத்தம் வந்தாலும் மொதல்ல என் காதுக்கு வரணும். வண்டி மட்டுமில்ல, எதுவா இருந்தாலும்.”

“எதுவா இருந்தாலுமா? லேப்ல ஒரு தண்ணி ஒரு வாரமா எனக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருக்கு. அதைச் சொன்னா கேப்பியா? உனக்குத் தூக்கம் வரும்.”

“வந்தா வரட்டும். சொல்லுங்க.”

வெளியிலிருந்து காற்றும் டயர் சத்தமும் உள்ளே இரைந்துகொண்டிருந்தன. அவள் கண்ணாடியை மேலே ஏற்றினாள். ஒரு கிணற்று நீரில் காலையில் இருக்கும் உப்பு மாலையில் எப்படிக் காணாமல் போகிறது என்று அவர் ஆரம்பித்தார். பாதிக்கு மேல் அவளுக்கு விளங்கவில்லை. நடுவில் ஒரு இடத்தில், “இருங்க, சாயங்காலம் யாராவது அந்தக் கிணத்துல மோட்டார் போடுறாங்களா?” என்று கேட்டாள்.

அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். “மோட்டாரா? அதை நான் யோசிச்சே பாக்கலையே,” என்றார்.